எழுதிய நாளும் பதிந்த நாளும்: ஜொகூர் நில ஆவணங்களின் தேதிகளை வாசித்தல்

முன்னுரை

நில ஆவணம் ஒன்றைக் கையிலெடுக்கும் ஆய்வாளர் முதலில் தேடுவது அதன் தேதியை. ஆனால் நில ஆவணத்தில் ஒரே ஒரு தேதி மட்டும் இருப்பது அரிது. விண்ணப்பம் செய்த நாள், அரசு இசைந்த நாள், பணம் கைமாறிய நாள், கையொப்பமிட்ட நாள், அலுவலகத்தில் ஒப்படைத்த நாள், பதிவேட்டில் ஏறிய நாள் எனப் பல நாள்கள் ஓர் ஆவணத்தின் பின்னே வரிசையாக நிற்கின்றன. இவற்றுள் உரிமை பிறக்கும் நாள் எது என்ற வினாவிற்கு எல்லா நாட்டுச் சட்டமும் ஒரே விடையைத் தருவதில்லை.

ஜொகூரில் வாழும் தமிழர்களைப் பொறுத்தவரை இவ்வினா தனி முக்கியத்துவம் உடையது. எழுதிய நாளுக்கும் அனுபவித்த காலத்திற்கும் மதிப்பளிக்கும் நில மரபிலிருந்து அவர்தம் முன்னோர் வந்தனர். அவர்கள் வந்து சேர்ந்த மாநிலமோ 1910ஆம் ஆண்டு முதல் பதிந்த நாளையே உரிமையின் அடிப்படையாகக் கொண்டது. இவ்விரு காலக் கணக்குகளுக்கும் இடையிலான வேறுபாடு தோட்டக் கோயில், தமிழ்ப்பள்ளி, குடும்பச் சொத்து ஆகியவற்றின் வரலாற்றைப் பெரிதும் பாதித்துள்ளது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நில ஆவணங்களைச் சான்றாகப் பயன்படுத்தும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அவற்றின் தேதிகளை வாசிக்கும் முறையும் இங்கு விளக்கப்படுகிறது.

தமிழ் மரபில் நில ஆவணத்தின் நாள்

தமிழ்க் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பெரும்பாலும் மன்னரின் ஆட்சியாண்டைக் கொண்டே நாளைக் குறிக்கின்றன. இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களைச் சோழ மன்னர் மாறி மாறிச் சூடியமையால், இயற்பெயர் இல்லாத கல்வெட்டில் ஆட்சியாண்டு மட்டும் இருப்பின் அது எம்மன்னனுடையது என்று துணிவது கடினம். பாண்டியர் கல்வெட்டுகளில் ஓர் ஆண்டும் அதற்கு 'எதிர்' ஆண்டும் சேர்ந்து வரும். இரண்டையும் கூட்டிப் பார்த்தே காலத்தை உணர வேண்டும்.

நில ஆவணத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நாள்கள் அடங்கியிருக்கும் என்பதற்கு மலேசியத் தமிழர்க்கு மிக நெருக்கமான சான்று, லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற ஆனைமங்கலச் செப்பேடுகளாகும். கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணிவர்ம விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006ஆம் ஆண்டில், ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். மன்னன் வாய்மொழியாக ஆணையிட்டது, அவ்வாணை ஓலையில் எழுதப்பட்டது, வரிக் கணக்கில் ஏறியது, நிலத்தின் எல்லையைப் பெண்யானையால் சுற்றி வரையறுத்தது ஆகியவை தனித்தனி நிகழ்வுகளாக அதில் குறிக்கப்படுகின்றன. செப்பேடாகப் பொறிக்கப்பட்டதோ அவன் மகன் இராசேந்திரன் காலத்தில். ஆகவே, 'இக்கொடையின் தேதி யாது?' என வினவினால், 'எந்தத் தேதியைக் கேட்கிறீர்?' என்று திருப்பி வினவுவதே தகும்.

பிற்கால ஓலை ஆவணங்களிலும் முறிகளிலும் அறுபதாண்டுச் சுழற்சியின் ஆண்டுப் பெயர்கள் இடம்பெற்றன. 'சாதாரண ஆண்டு' என்று மட்டும் குறித்த ஆவணம் 1850, 1910, 1970 ஆகிய மூன்றில் எத்தொடக்கத்தையும் சுட்டலாம். தென் திருநெல்வேலியிலும் குமரிப் பகுதியிலும் கொல்லம் ஆண்டு வழங்கியது. அங்கிருந்து மலாயா வந்தோரின் குடும்பத் தாள்களில் அது காணப்பட்டால், அதனுடன் 824 அல்லது 825ஐக் கூட்டியே பொது ஆண்டை அறிய இயலும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் வேரூன்றியது பத்திரப் பதிவு முறை. 1908ஆம் ஆண்டின் இந்தியப் பதிவுச் சட்டப்படி, எழுதிய நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவர வேண்டும். பதிந்த பின்னர் அதன் பயன் பதிந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. அச்சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி எழுதி நிறைவேற்றிய நாளுக்கே பின்சென்று தொடங்குகிறது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம் எழுதிய நாள் இன்றும் முதன்மை பெறுவதற்கு இதுவே காரணம்.

இதனோடு அனுபவ பாத்தியம் என்னும் கருத்தும் சேர்ந்தது. பிறர் நிலத்தை 12 ஆண்டுகள் வெளிப்படையாகவும் தடையின்றியும் எதிருரிமையோடு அனுபவித்தவரிடமிருந்து அதனை மீட்க உரியவர் வழக்கிட இயலாது என்பது இந்தியக் காலவரையறைச் சட்டத்தின் விதி. 1963ஆம் ஆண்டின் சட்டம் அரசு நிலத்திற்கு இக்காலத்தை 30 ஆண்டுகளாக வைத்துள்ளது. மலாயாவிற்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் சொந்த நிலமற்ற உழைப்பாளர்களே. எனினும், நெடுங்காலம் அனுபவித்தால் நிலம் உரியதாகும் என்ற ஊர்வழக்கு அவர்களிடையே வலுவாக இருந்தது.

ஜொகூரில் பதிவு முறையின் வரவு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜொகூரில் நிலத்தின் ஆவணம் ஆற்றை ஒட்டி அமைந்தது. துமெங்கோங் இப்ராகிம் 1844 முதல் சீனத் தலைவர்களுக்குச் 'சூராட் சுங்கை' எனப்படும் ஆற்றுச் சாசனங்களை வழங்கினார். குறிப்பிட்ட ஆற்றங்கரையில் குடியேறிக் காம்பிரும் மிளகும் பயிரிட இவை இசைவளித்தன. இந்தக் 'கங்சூ' முறை 1917இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அக்கால மலாய் ஆவணங்கள் ஜாவி எழுத்தில் அமைந்தவை. அவற்றில் ஹிஜ்ரி ஆண்டு பரவலாக வழங்கியது. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்களைக் கொண்டதாதலின், குறிப்பிட்ட ஓர் எண்ணைக் கூட்டி அதனைப் பொது ஆண்டாக மாற்ற இயலாது. 1844ஆம் ஆண்டின் பெரும்பகுதி ஹிஜ்ரி 1260இல் அடங்கும். 2025ஆம் ஆண்டின் முற்பாதி ஹிஜ்ரி 1446இல் அடங்கும். இடைவெளி 584இலிருந்து 579ஆகக் குறைந்திருப்பதைக் காணலாம்.

1909இல் ஜொகூர் இரயில் பாதை நிறைவுற்றது. ரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. தமிழ்த் தொழிலாளர் வருகையும் மிகுந்தது. இந்தக் காலக்கட்டத்தில்தான் 1910ஆம் ஆண்டின் ஜொகூர் நிலச் சட்டம் இயற்றப்பட்டது. அது டோரன்ஸ் முறையைத் தழுவியது. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் இராபர்ட் டோரன்ஸ் நடைமுறைப்படுத்திய இம்முறை சிலாங்கூரில் 1891இலும் கூட்டு மலாய் மாநிலங்கள் நான்கிலும் 1897இலும் சட்டமாகியிருந்தது. அரசுப் பதிவேடே உரிமையின் ஊற்று என்பது இம்முறையின் சாரம். பத்திர முறையில் பதிவு என்பது நடந்த உரிமை மாற்றத்தைப் பதிந்து வைப்பது. டோரன்ஸ் முறையில் பதிவே உரிமையை மாற்றுகிறது.

பினாங்கிலும் மலாக்காவிலும் ஆங்கிலேயப் பத்திர முறையே நெடுங்காலம் நீடித்தது. எனவே, பினாங்கில் ஒரு கடையும் ஜொகூரில் ஒரு துண்டு நிலமும் உடைய வணிகக் குடும்பம் இருவேறு காலக் கணக்குகளுக்கு உட்பட்டிருந்தது. 1966 சனவரி 1இல் தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் தீபகற்பம் முழுவதும் ஒரே முறையின்கீழ் வந்தது.

இப்பதிவின் வலிமையை உணர்த்த இரு தீர்ப்புகள் போதும். போலிக் கையொப்பத்தால் ஒரு பெண்மணியின் பினாங்கு நிலம் விற்கப்பட்ட அடோர்னா வழக்கில், வாங்கியவரின் பதிவு அசைக்க இயலாதது என 2000ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் 340ஆம் பிரிவுக்கு அளிக்கப்பட்ட அவ்விளக்கம் தவறானது என அதே நீதிமன்றம் 2010இல் முடிவு செய்தது. இடைப்பட்ட பத்தாண்டுகள் பதிவேட்டின் ஒரு வரி உண்மை உரிமையாளரையும் வெளியேற்றக்கூடியதாக இருந்தது.

ஒரு பட்டாவில் எத்தனை தேதிகள்?

ஜொகூரில் இன்று புழங்கும் நிலப்பட்டாவில் காணப்படும் தேதிகளைப் பின்வருமாறு பகுத்துணரலாம்.

முதலாவது, அரசு இசைவளித்த நாள். மாநில அரசு நிலம் வழங்க ஒப்புக்கொண்டதாக வரும் கடிதம் குடும்பங்களில் பெரிதும் போற்றப்படுகிறது. ஆனால் தேசிய நிலச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி, பட்டா பதிவேட்டில் ஏறும்வரை அந்நிலம் அரசு நிலமாகவே இருக்கும். இசைவுக் கடிதம் வந்தபின் உரிய கட்டணம் செலுத்தப்படாமல் போனால் அத்தேதி பயனற்றுப் போகும்.

இரண்டாவது, தற்காலிகப் பட்டா பதிந்த நாள். நில அளவை முடியும்முன் வழங்கப்படுவது 'ஹக்மிலிக் செமெந்தாரா' என்னும் தற்காலிகப் பட்டா. மாநிலப் பதிவகத்திற்குரியது எச்.எஸ்.டி. எனவும் மாவட்ட நில அலுவலகத்திற்குரியது எச்.எஸ்.எம். எனவும் குறிக்கப்படும். தற்காலிகம் என்னும் சொல்லைக் கண்டு உரிமையும் தற்காலிகமானது என மயங்கலாகாது. உரிமை அன்றே பிறந்துவிடுகிறது. எல்லையும் பரப்பும் மட்டுமே இறுதி செய்யப்படாமல் நிற்கின்றன.

மூன்றாவது, நிரந்தரப் பட்டா பதிந்த நாள். அளவை முடிந்தபின் தற்காலிகப் பட்டாவிற்கு மாற்றாகக் கிரான் அல்லது குத்தகைப் பட்டா வருகிறது. இது புதிய உரிமையைத் தோற்றுவிப்பதில்லை.

நான்காவது, கணினிப் பட்டாவாக மாற்றிய நாள். பழைய தாள் பட்டாக்கள் கணினிப் பதிவு முறைக்கு மாற்றப்பட்டபோது புதிய தாளில் புதிய தேதி ஏறியது. அதே தாளில் 'முதன்முதலில் உரிமை வழங்கிய தேதி' எனப் பொருள்படும் மலாய்த் தொடரும், மூலப் பட்டாவின் எண்ணும், அடுத்து முந்திய பட்டாவின் எண்ணும் குறிக்கப்பட்டிருக்கும். நிலத்தின் வரலாற்றைத் தேடுவோர் இவ்வரிகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஐந்தாவது, உரிமை மாற்றத்தின் தேதிகள். விற்பனை ஒப்பந்தம் ஒரு நாளில் எழுதப்படும். 14ஏ என்னும் மாற்றுப் படிவம் மற்றொரு நாளில் சாட்சியின் முன் கையொப்பமாகும். பின்னொரு நாளில் நில அலுவலகத்தில் ஒப்படைக்கப்படும். ஒப்பந்தம் எழுதியோரிடையே கட்டுப்பாட்டை உண்டாக்கும். நிலத்தின் உரிமையை மாற்றாது. பதிவு நிறைவேறியதும் அதன் பயன் ஆவணம் ஒப்படைக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் கொண்டு தொடங்கும். ஆதலால்தான் பட்டாவின் பின்பகுதியில் ஒப்படைப்பு எண்ணும் ஆண்டும், நாளும் மணியும் குறிக்கப்படுகின்றன. ஒரே நிலத்தின்மேல் இருவர் ஆவணம் கொண்டுவந்தால் மணிக்கணக்கே முன்னுரிமையைத் தீர்மானிக்கக்கூடும்.

ஆறாவது, முடிவைக் குறிக்கும் தேதிகள். குத்தகை முடியும் நாள் இவற்றுள் முதன்மையானது. தனியார் பதிந்த 'கவியாட்' எனப்படும் தடைக்குறிப்பும் ஆறு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும்.

இவற்றைக் கலந்துணர்ந்தால் நேரும் பிழையை ஒரு கற்பனைப் பட்டாவால் விளக்கலாம். ஒரு குடும்பத்திற்கு 1971இல் இசைவுக் கடிதம் வந்தது; 1974இல் 60 ஆண்டுக் குத்தகைக்குத் தற்காலிகப் பட்டா பதிவானது; 1989இல் நிரந்தரப் பட்டா கிடைத்தது; 2001இல் அது கணினிப் பட்டாவானது எனக் கொள்வோம். குத்தகை 2034இல் முடியும். நிரந்தரப் பட்டாவின் தேதியைத் தொடக்கமாகக் கொள்பவர் 2049 எனக் கணக்கிடுவார். கணினிப் பட்டாவின் தேதியைக் கொள்பவர் 2061 என்பார். குத்தகையை நீட்டிக்க விண்ணப்பிக்க வேண்டிய காலம் கடந்தபின்னரே அவர்கள் உண்மையை அறிவர்.

பட்டாவிற்குப் புறம்பான இரு தாள்களையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஒன்று, நிலவரிச் சீட்டு. நிலவரி ஒவ்வோர் ஆண்டும் சனவரி 1இல் செலுத்தத்தக்கதாகி, சூன் 1 முதல் நிலுவையாகிறது. அதைச் செலுத்தியவர் யார் என்பதைச் சீட்டு காட்டும். உரிமையாளர் யார் என்பதைக் காட்டாது. மற்றொன்று, தற்காலிகக் குடியிருப்பு உரிமம். இவ்வுரிமம் எந்த மாதத்தில் தொடங்கினாலும் அந்நாட்காட்டி ஆண்டின் முடிவிற்குள் காலாவதியாகும். முப்பது ஆண்டுகளின் உரிமங்களை அடுக்கி வைத்திருப்பவர் முப்பது தனித்தனி ஓராண்டுகளையே வைத்திருக்கிறார். அவை கூடி ஒரு முப்பதாண்டு உரிமையாவதில்லை.

தோட்டமும் கோயிலும் பள்ளியும்

மேற்கூறிய விதிகள் தோட்டத் தமிழர் வாழ்வில் எவ்வாறு செயற்பட்டன என்பதே இவ்வாய்வின் மையமாகும். தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, எவ்வளவு காலம் குடியிருந்தாலும், உரிமம் பெற்றே குடியிருந்தாலும், அரசு நிலத்தில் உரிமை உண்டாகாது எனக் கூறுகிறது. 341ஆம் பிரிவு, தனியார் நிலத்தைப் பிறர் எத்துணைக் காலம் அனுபவித்தாலும் உரிமையாளர் அதனை மீட்க வழக்கிடுவதற்கு அது தடையாகாது எனக் கூறுகிறது. தமிழகத்தில் 12 ஆண்டுகளில் முதிரக்கூடிய பாத்தியம் ஜொகூரில் மூன்று தலைமுறை கடந்தும் முதிர்வதில்லை.

1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். பெருந்தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டபோது ஒவ்வொரு துண்டிற்கும் புதிய பட்டாவும் புதிய தேதியும் உண்டாயின. லயங்களில் பிறந்து வளர்ந்தோர்க்கு அப்பதிவேட்டில் ஒரு நாளும் இடம்பெறவில்லை. துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. தொழிலாளரின் கூட்டுறவைப் பதிவேட்டில் உரிமையாளராக ஏற்றிய முயற்சி என இதன் வரலாற்று முக்கியத்துவத்தை மதிப்பிடலாம்.

கோயில்களின் நிலையும் இத்தகையதே. ஜொகூர் பாருவின் இராஜமாரியம்மன் தேவஸ்தானம் 1911ஆம் ஆண்டையும், கண்ணாடிக் கோயில் எனப் புகழ்பெற்ற இராஜகாளியம்மன் ஆலயம் 1922ஆம் ஆண்டையும் தொடக்கமாகக் கொள்கின்றன. இரண்டின் வரலாறும் ஜொகூர் சுல்தானின் நிலக்கொடையை நன்றியுடன் குறிப்பிடுகிறது. இத்தகைய கோயில்களின் வரலாற்றை எழுதுவோர், ஆனைமங்கலச் செப்பேடுகளைப் படிப்பது போன்றே, கொடை வாக்களித்த நாள், நிலம் பதிவான நாள், முதற் குடமுழுக்கு நடந்த நாள் ஆகியவற்றைத் தனித்தனியே தேடுதல் வேண்டும்.

பதிவில்லாத தோட்டக் கோயிலின் பழைமை நீதிமன்றத்தில் உரிமையாக நிற்பதில்லை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலைப் பகுதியில் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையதாகக் கூறப்படும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நின்ற நிலம் 2014இல் மாநகராட்சியால் தனியார் நிறுவனம் ஒன்றிற்கு விற்கப்பட்டது. 2025 மார்ச்சில் அவ்வாலயத்தை அருகிலேயே வேறிடத்திற்கு மாற்ற உடன்பாடு காணப்பட்டது. ஒரு தரப்பு வழிபாடு தொடங்கிய காலத்தையும் மறு தரப்பு நிலம் வாங்கிய நாளையும் முன்வைத்தன. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்; பதிவேடு ஏற்பது ஒன்றை மட்டுமே.

தமிழ்ப்பள்ளிகளிலும் இவ்வேறுபாடு உண்டு. பள்ளி தொடங்கிய ஆண்டு, கல்வித் துறையில் பதிவான ஆண்டு, நிலம் பள்ளிக்கென ஒதுக்கப்பட்ட ஆண்டு ஆகியவை வேறு வேறு. தனியார் தோட்ட நிலத்தில் அமைந்த பகுதி உதவிபெறும் பள்ளிக்கு மூன்றாவது தேதி இல்லாமலே இருக்கலாம். அரசு நிலத்தில் அமைந்த பள்ளிக்கோ, 62ஆம் பிரிவின்படி அரசிதழில் ஒதுக்கீடு அறிவிக்கப்படும் நாளே நிலைபேறு தரும் நாளாகும். நூற்றாண்டு விழா மலர்களில் முதலாம் தேதி பெரிதாக அச்சிடப்படுகிறது. பள்ளியின் வருங்காலம் மூன்றாம் தேதியைச் சார்ந்திருக்கிறது.

ஆய்வாளர் கவனத்திற்கு

ஜொகூர் ஆவணங்களை வாசிப்போர் வேறு சில செய்திகளையும் நினைவில் கொள்ளல் நலம். சப்பானியர் ஆட்சிக்காலமான 1942 முதல் 1945 வரை எழுந்த ஆவணங்களில் சப்பானியப் பேரரசின் ஆண்டு வழங்கியது. 2602 என்பது 1942ஐயும் 2605 என்பது 1945ஐயும் குறிக்கும். 660ஐக் கழித்துப் பொது ஆண்டைப் பெறலாம். மாவட்ட எல்லைகளும் மாறியுள்ளன. கூலாய், தங்காக் மாவட்டங்கள் இந்நூற்றாண்டில் முறையே ஜொகூர் பாரு, மூவார் மாவட்டங்களிலிருந்து பிரிந்தவை. பழைய பட்டாவில் ஜொகூர் பாரு எனக் காணப்படும் நிலம் இன்று கூலாயில் இருக்கலாம். மேலும், 2014 சனவரி 1 முதல் 2024 திசம்பர் 31 வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. அக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பதிவான ஆவணத்தைக் கண்டு ஐயுறத் தேவையில்லை.

மாணவர்க்கு இதனைக் கற்பிக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. தத்தம் வீட்டு நில ஆவணத்தின் படியில் காணப்படும் எல்லாத் தேதிகளையும் கால வரிசையில் எழுதச் செய்து, ஒவ்வொன்றின் எதிரே 'இந்நாளில் நிகழ்ந்தது யாது?', 'இந்நாளால் உரிமை மாறியதா?' என்னும் இரு வினாக்களுக்கு விடை காணச் செய்யலாம். பாட்டனார் பெயரிலேயே பட்டா நின்றுவிட்டதையும், அவர் இறந்த பின்னர்ப் பதிவேட்டில் எவ்வித மாற்றமும் செய்யப்படாததையும் பலர் அப்போதுதான் அறியக்கூடும்.

முடிவுரை

ஜொகூர்த் தமிழரின் நிலவரலாற்றில் இருவகைக் காலங்கள் இணையாக ஓடுகின்றன. உழைத்த காலம், வழிபட்ட காலம், பிள்ளைகளைப் படிக்கவைத்த காலம் ஒருபுறம். நில அலுவலகத்தின் பதிவேடு ஏற்ற காலம் மறுபுறம். சட்டம் இரண்டாவதையே ஏற்கிறது. வரலாற்றாசிரியரோ இரண்டையும் பதிய வேண்டியவர். பட்டாவின் தேதியைக் கோயிலின் வயதாகக் கொள்வது வரலாற்றுப் பிழை. கோயிலின் வயதைப் பட்டாவின் வலிமையாகக் கொள்வது நடைமுறையில் பேரிழப்பைத் தரும் பிழை. முன்னதை ஆய்வால் திருத்திக்கொள்ளலாம். பின்னதைத் திருத்த, நிலம் கைமாறுவதற்கு முன்னரே ஆவணங்களைப் படித்துணர்ந்து உரிய நாளில் உரிய அலுவலகத்தில் ஒப்படைப்பதன்றி வேறு வழியில்லை.